ரெப் ஸெலிக்கின் தொப்பிக்கு வந்த கோளாறுகள்

பிரைண்டல் சிரித்தால் எதிர்ச்சாரியில் ரொட்டி சுடும் கெட்ஸலுக்குக் கேட்கும். சண்டை போட்டாலும் கேட்கும். எருசலேமில் ஆசாரமான யூதர்கள் வாழும் கெவுலா கடைத்தெருவில் அவளுடைய தொப்பிக்கடைக் கதவு மழையானாலும் குளிரானாலும் திறந்தேதான் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விதவை அவர்களோடு தனியாக இருப்பது முறையில்லை. ஆகவே கெட்டிலில் இருந்து எழும்பும் ஆவி தெருவுக்குப் போகும், தெருக்குளிர் உள்ளே வரும், பிரைண்டல் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள்.

கணவன் ஹெர்ஷ் இருந்தவரைக்கும் முன்னால் நின்று வியாபாரம் பேசியது அவன். பின்கட்டில், மயிரை அமுக்கிச் செய்த ஃபெல்ட் துணிக்கு ஆவி காட்டி, மர அச்சில் இழுத்து மாட்டி, விளிம்பை வளைத்து, நெற்றிப் பக்கம் விரலால் கிள்ளினாற்போல் இரண்டு மடிப்பு, அதாவது கிள்ளு, வைத்தது அவள். ஹெர்ஷ் போனதும் மைத்துனன் வந்து கடையை விற்றுவிடலாம் என்றான்.

"வித்துட்டு? உங்க வீட்டுல வந்து உக்காந்து உருளைக்கிழங்கு தோல் சீவட்டுமா?" என்று கேட்டவள், துக்கம் முடிந்த கையோடு தானே முன்னால் வந்து நின்றாள்.

ஒரே ஒரு சிக்கல். ஆண்களின் தலையை அவள் தொடக்கூடாது. தொடாமல் எப்படி அளவெடுப்பது? வளைத்தால் வளைத்தபடி நிற்கும் ஈயப்பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். வாடிக்கையாளர் அதைத் தானே தலையைச் சுற்றி அழுத்திக்கொண்டு, கழற்றி மேசையில் வைப்பார். அந்த வளையத்தைப் பார்த்தாலே போதும், நீளமண்டையா, உருண்டையா, இடது காதுக்கு மேல் புடைப்பா என்று தெரிந்துவிடும். அதன்படி தொப்பியின் உள்பட்டையை ஆவியில் இளக்கி வளைத்துக் கொடுப்பாள். வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள்; தொப்பியைப் பார்த்துப் பேசுவார்கள். அவளும் தொப்பிக்கே பதில் சொல்லிவிடுவாள். மகள்கள் மூன்று பேரும் கல்யாணமாகி வெளியூரில் இருந்ததால், அவள் நாள் முழுக்கப் பேசியது பெரும்பாலும் தொப்பிகளோடுதான்.

பஸ்கா பண்டிகைக்கு முந்தின கூட்டத்தில் ஒருநாள் ஸெலிக் வந்தார், ஊர் மரியாதையில் ரெப் ஸெலிக். நெட்டையான மனிதர், நரைத்த தாடி, விரல் நுனியில் மை. வேதச்சுருள்களைச் சரிபார்ப்பது அவர் தொழில். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுருளே செல்லாது, அப்படிப்பட்டதைக் கண்டுபிடிப்பவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் தோய்பாவின் வீட்டில் தங்கியிருந்தார்.

பிரைண்டல் நல்ல முயல்மயிர் ஃபெல்ட்டில் ஒரு கறுப்புத் தொப்பியை எடுத்து வைத்தாள். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இங்க ஒரு முடி எழும்பி நிக்குது," என்றார் தொப்பியைப் பார்த்து.

"முயலுக்குச் சொல்லி அனுப்பறேன், ரெப் ஸெலிக்."

அவர் சிரிக்கவில்லை. ஈயப்பட்டையைத் தலையில் அழுத்திக்கொண்டு கழற்றி வைத்தார். பின்பக்கம் தட்டை, வலதுபக்கம் லேசான மேடு. இப்படி ஒரு தலைக்கு எந்தக் கடைத் தொப்பியும் பொருந்தியிருக்காது என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஆவி காட்டி, வளைத்து, ஆறவிட்டுக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார். தொப்பி அசையவில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாத ஏமாற்றம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"கேட்டுக்கோங்க," என்றாள் பிரைண்டல். "கிள்ளைப் பிடிச்சுத் தூக்காதீங்க, ரெண்டு கையாலயும் விளிம்பப் பிடிங்க. கழட்டினா மல்லாத்தி வைங்க, இல்லன்னா விளிம்பு சப்பிப் போயிரும். நனைஞ்சா அதுபாட்டுக்குக் காயட்டும், சூடு காட்டாதீங்க. பிரஷ் போட்டா முடி படுத்திருக்கற பக்கமா மெதுவா."

"இது என்ன தொப்பியா, கைக்குழந்தையா?"

"கைக்குழந்தை வலிச்சா அழும். இது அழாமலே வீணாப் போகும்."

பண்டிகை முடிந்த வாரமே அவர் திரும்பி வந்தார். தொப்பியின் மண்டை உள்ளே அமுங்கி, விளிம்பு கடல் அலை மாதிரி நெளிந்திருந்தது.

"நீங்கதான் மல்லாத்தி வைக்கச் சொன்னீங்க. வச்சேன். பேரன் அதுக்குள்ள ஏறி உக்காந்துட்டான்."

"பேரனுக்கு அளவு சரியா இருந்துச்சா?"

அவள் அதை ஆவியில் நிமிர்த்தி, விளிம்பைச் சூடான இரும்பால் வழித்து, பழையபடி ஆக்கும்வரை அவர் வாசல்படி அருகே நின்று, இரும்பைப் பிடிக்கும் கோணம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடமாக இரும்பு பிடிக்கிற பிரைண்டலுக்குச் சுர்ரென்று ஏறியது. அவளும் திருப்பிக் கொடுத்தாள். கெட்ஸல் அடுப்பை விட்டுவிட்டு மாவுக்கையோடு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தான்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். விளிம்பில் ஓரிடம் வழுவழுவென்று பளபளத்தது.

"என்ன ஃபெல்ட்டு இது? தானா மினுங்குது!"

"தானா மினுங்கறதுக்கு அது என்ன நட்சத்திரமா? எங்க வச்சீங்க?"

"அலமாரியில. மல்லாத்தி!"

பளபளத்த இடத்தை ஆவி காட்டி, மெல்லிய உப்புத்தாளால் நீவி எழுப்பினாள். அடுத்த முறை தொப்பி சுருங்கிப்போய் அவர் உச்சந்தலையில் குருவிக்கூடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படியே தெருவழியாக நடந்து வந்திருந்தார்.

"தரமான சரக்குன்னு சொல்லித் தலையில கட்டிட்டீங்க அம்மா! பாருங்க, ஊரே பாத்துச் சிரிக்குது!"

"தலையிலதான் கட்ட முடியும், இடுப்புலயா கட்டுவாங்க? என் கடைத் தொப்பி இருபது வருஷம் உழைக்கும். உங்க தலையிலதான் ஏதோ கோளாறு!"

"என் தலைக்கு அளவெடுத்ததே நீங்கதான்!"

"அதனாலதான் சொல்றேன், எனக்குத் தெரியும்!"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "பிரைண்டல் அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, என் மாவு அமுங்குது," என்று கெட்ஸல் அங்கிருந்து கத்தினான். பிரைண்டலுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ரெப் ஸெலிக்கின் தாடியும் லேசாக ஆடியதை அவள் பார்த்தாள். சிரிப்பா, குளிரா, சொல்ல முடியவில்லை. ஆனால் அது வெயில் நாள்.

தொப்பியை விட்டுவிட்டு அவர் போன பிறகு அதை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்டை உச்சியில் நேர்க்கோடாக வெந்த தடம். ஓய்வுநாளுக்குச் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் மின்தகட்டின் விளிம்பு அப்படித்தான் இருக்கும். போன தடவை மினுங்கிய இடமும் இப்போது நினைவுக்கு வந்தது: கூர்மூக்கு, துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டியின் மூக்கு. ரெப் ஸெலிக் மாதிரி மனிதர் இஸ்திரிப்பெட்டியைக் கையால் தொட்டே இருக்க மாட்டார். அந்த வீட்டில் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். தன் கடைப் பெயரைக் கெடுக்கத்தான் என்று நினைத்ததும் அவளுக்கு உட்கார முடியவில்லை. தொப்பியை அச்சில் மாட்டிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு, நேரே தோய்பா வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த தோய்பா, இடுப்பில் பையனோடு, அவளைப் பார்த்ததும் வெளிறிப் போனாள்.

"மின்தகடு எங்க இருக்கு?" என்றாள் பிரைண்டல், உள்ளே வந்துகொண்டே.

"பிரைண்டல் அம்மா, நான்..."

"இஸ்திரிப்பெட்டியையும் கொண்டு வா. உனக்கு நான் என்னடி பாவம் பண்ணினேன்?"

தோய்பா பையனைத் தரையில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"மொத தடவ இவன்தான் ஏறி உக்காந்தான், சத்தியமா. அன்னைக்கு அப்பா உங்க கடைக்குப் போயிட்டு வந்தாரா... வந்ததுலேருந்து ஒரே பேச்சு. அந்தம்மா இப்படிச் சொன்னா, நான் இப்படிக் கேட்டேன், அவளுக்கு இரும்பு பிடிக்கவே தெரியலன்னு. ரெண்டு தட்டு உருளைக்கிழங்கு குகல் சாப்பிட்டாரு. அம்மா போனதுலேருந்து அவரு இந்த வீட்டுல உப்பு குடுன்னுகூட வாய்விட்டுக் கேட்டதில்ல, கையக் காட்டுவாரு. ரெண்டு வருஷம், பிரைண்டல் அம்மா. அப்புறம் ஒரு வாரத்துல மறுபடி அடங்கிட்டாரு. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. இஸ்திரிப்பெட்டிய எடுத்தேன்."

பிரைண்டல் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பையனும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அவர் வீட்டுக்குப் போய்த் தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்பது அவளுக்குள் இளம் சூடாக எங்கோ இறங்கியது. அதைத் தோய்பாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அதுக்குன்னு முயல் ஃபெல்ட்ட மின்தகட்டுலயா வப்ப? இன்னும் அரைமணி இருந்தா அது அடைதான். கேளு. கெடுக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. தொப்பிய ஈரக்கையால ஒரு பக்கம் மட்டும் அழுத்து, விளிம்பு தொங்கிரும், எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. ரிப்பன் முடிச்ச ஒரு தையல் பிரிச்சு விடு. மண்டையில மாவு தூவு, நான் ஸ்பாஞ்சால எடுத்துருவேன். சூடு மட்டும் காட்டாத, புரிஞ்சுதா?"

"அப்ப... நான் செய்யலாமா?"

"வாரம் ஒருதடவ. வியாழக்கிழமை வேணாம், கூட்டமா இருக்கும். பேச முடியாது."

அந்தக் கோடை முழுக்க ரெப் ஸெலிக்கின் தொப்பிக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. ரிப்பன் பிரிந்தது. மண்டையில் மாவு. "வீட்டுல யாரு ரொட்டி சுடறா?" என்று பிரைண்டல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் நின்று வாதாடினார். வேதச்சுருளில் எழுத்து எழுதும் தோலைப் பதப்படுத்துவதற்கும் ஃபெல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். பிரைண்டல் ஆவிக்கெட்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். ஒருநாள் அவர் வராமல் போகவே, அந்த மாலை அவள் வேறொருவர் தொப்பிக்கு ரிப்பனை இடதுபக்கத்துக்குப் பதில் வலதுபக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

கோடை முடிகிற சமயம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தொப்பியோடு வந்தார். நெற்றிப் பக்கத்துக் கிள்ளில் ஒரு பெரிய பள்ளம். பிரைண்டல் எடுத்துப் பார்த்தாள். இது தோய்பாவுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தில் இல்லை. விளக்கடியில் சாய்த்தாள். பள்ளத்தின் நடுவே கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக, மைத்தடம்.

அன்று காலையில்தான் தோய்பா காய்கறி வாங்க வந்தவள் எட்டிப் பார்த்து, இந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல், எதையும் செய்ய நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இது எப்படி ஆச்சு?" என்றாள் பிரைண்டல்.

"தெரியல. அலமாரியில இருந்துச்சு."

"ரெப் ஸெலிக், இது கட்டைவிரல். மையோட இருக்கு. இந்தத் தெருவுல மைவிரல் உங்களுக்கு மட்டும்தான்."

அவர் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெருவில் பஸ் ஒன்று கடகடத்துப் போனது.

"முப்பது வருஷமா எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாத்துச் சம்பாதிக்கறேன், அம்மா. எங்க வீட்டு மின்தகட்டோட விளிம்பு எனக்குத் தெரியாதா?"

"எப்பலேருந்து தெரியும்?"

"குருவிக்கூடு ஆச்சே, அப்பலேருந்து."

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஊரக் கூட்டிக் கத்துனீங்களா?"

"அது... கத்தறதுக்கு நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் முதல்முறையாக அவர் தொப்பியிலிருந்து கண்ணை எடுத்தார், ஒரு கணம்தான், உடனே வாசல்பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வாரம் தோய்பாவுக்கு முடியல. அதான் நானே... கல்யாணத் தரகர அனுப்பலாம்னு பாத்தேன். என்ன சொல்லி அனுப்பறதுன்னு தெரியல. என்கிட்ட குறை மட்டும்தான் சொல்ல வரும்."

பிரைண்டல் தொப்பியைப் பின்பக்கம் முன்னாலாக அச்சில் மாட்டினாள். வாழ்க்கையில் அப்படி மாட்டியதேயில்லை. பக்கத்திலிருந்த கெட்டில் விசில் அடித்தது, அதைக்கூட அணைக்கவில்லை.

எதிர்ச்சாரியில் இருந்து கெட்ஸல் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே தெருவைக் கடந்து வந்தான். "தரகர் எதுக்கு? நான் இருக்கேன். பஸ்காவுலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், ரெண்டு பேர் குறையும் எனக்கு மனப்பாடம். அக்கா, இவருக்கு வாய் நீளம். ரெப் ஸெலிக், இவங்களுக்கு அதைவிட நீளம். சம்மதமா?"

"சம்மதம்னா தரகுக்கூலி கேப்பான்," என்றாள் பிரைண்டல்.

"கல்யாண ரொட்டி என் கடையில வாங்கினாப் போதும்."

கூடாரப் பண்டிகை முடிந்து சின்ன மண்டபம் ஒன்றில் கல்யாணம் நடந்தது. மகள்கள் மூவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தோய்பா காலையிலிருந்து அழுவதும் பரிமாறுவதுமாக இருந்தாள். திருமண ஒப்பந்தத்தைக் குருவான ரபி வாசிக்கப் போகும் நேரம், மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்து, பெண்ணின் பெயரில் ஓர் எழுத்தின் கால் குட்டையாக இருப்பதாகச் சொன்னார். வேறு தாள் எழுதி வரும்வரை எல்லோரும் நின்றார்கள். முக்காட்டுக்குள் பிரைண்டல் குலுங்கியதைப் பார்த்து, பாவம் அழுகிறாள் என்று மைத்துனன் மனைவி கைக்குட்டை நீட்டினாள்.

விருந்துகள் முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி ஏரிக்கரை ஊரான திபேரியாவுக்குப் போனார்கள். விடுதி சூப்பில் உப்பில்லை என்றார் ஸெலிக், ஜன்னல் கொக்கி சரியில்லை என்றார், ஏரிகூடப் படத்தில் பார்த்த அளவு பெரிதில்லை என்றார். பிரைண்டல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சாயங்காலம் அவர் தன் முதல் மனைவியைப் பற்றிப் பேசினார், அவள் சமையலில் எந்தக் குறையும் இருந்ததில்லை என்றார். பிரைண்டல் ஹெர்ஷைப் பற்றிச் சொன்னாள், அவன் கடன்காரர்களிடம்கூடக் கதை பேசி அனுப்புவான் என்று. இருட்டுவதற்குள் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டார்கள். மீனைப் பற்றி ஸெலிக் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தட்டு கேட்டு வாங்கினார்.