விட்டு விட்டு ஊதிய சங்கு

வெள்ளம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுகிற உத்தியோகத்தில், வந்தாலும் திட்டு, வராவிட்டாலும் திட்டு. "குடை எடுத்துட்டுப் போ" என்று வீட்டில் சொல்லி, அன்றைக்கு மழை பெய்யாமல் போய், சாயங்காலம் பேச்சு வாங்கியவரா நீங்கள்? வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான். அறுபதுகளில் திருப்பூரில் என் வேலை இதுதான்: நொய்யலில் மேலே அணைக்கட்டில் தண்ணீர் ஏறினால் எனக்கு டெலிபோன் வரும். நான் ஆற்றங்கரை ஆபீஸ் மாடியிலுள்ள மின்சாரச் சங்கை ஊதவேண்டும். ஆற்று மணலில் பனியன் துணி காயப்போடும் சலவைப் பட்டறை ஆட்கள் கரையேறவேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்!

ஒத்திகை

தண்டோராவெல்லாம் போட்டுவிட்டு, ஒரு மத்தியானம் சங்கை நீளமாக ஊதிப் பார்த்தேன். திருப்பூரில் சங்கு ஊதினால் மில் ஷிப்டு என்றுதான் அர்த்தம். தண்டோராவை யார் நினைத்தார்கள்? அக்கரையிலிருந்து மில் தொழிலாளிகள் கூட்டமாக ஓடிவந்தார்கள். பாலத்தைச் சுற்றினால் நேரமாகும் என்று ஆற்றுக்குள்ளேயே இறங்கிக் குறுக்கே வந்தார்கள். நிஜ வெள்ளமாயிருந்தால் என்ன கதி? முன்னால் வந்தவர் டிபன் தூக்கோடு மூச்சிரைக்கக் கேட்டார்: "ஏனுங்க, இன்னிக்கு ஓவர்டைமுங்களா?"

வராத வெள்ளம்

அதற்கப்புறம் வெள்ளத்துக்கு மட்டும் விட்டு விட்டு ஊதுவது என்று மாற்றினோம். ஒருநாள் டெலிபோன் வந்தது, ஊதினேன். காயப்போடும் பெண்களுக்குத் தலைவி பழனியம்மாள். அத்தனை ஈரத்துணியையும் சுருட்டித் தலையில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். பாதித் துணியில் சேறு. சாயங்காலம்வரை காத்திருந்தோம், கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தது. பழனியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "ஏனுங்க சார், உங்க வெள்ளத்துல ஒரு பனியன் அலசிக்கட்டுமுங்களா?"

குளங்கள்

தண்ணீரெல்லாம் வழியிலிருக்கும் குளங்களுக்குள் போய்விட்டதாம்! ஆத்திரத்தோடு அணைக்கட்டில் அளவு பார்க்கும் கருப்பணனைக் கூப்பிட்டு, இனிமேல் குளங்களையும் விசாரித்துச் சொல்லச் சொன்னேன். அடுத்த மழையில் அவர் குரல் இரைச்சலுக்கு நடுவே வந்தது: "குளமெல்லாம் தளும்புதுங்க, இனி வர்றது பூராவும் உங்களுக்குத்தானுங்க!"

வெயிலில் ஒரு வெள்ளம்

ஊதினேன். திருப்பூரிலோ பொட்டு மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மணல் முழுக்க வெள்ளைத்துணி. ஒருத்தர் அசையவேண்டுமே! பழனியம்மாள் வானத்தைப் பார்த்தார், சங்கைப் பார்த்தார், சிரித்தார். ஏமாந்தவர்கள் மறுபடி எழுந்திருப்பார்களா? சங்கைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டு ஆற்றுக்குள் ஓடினேன்.

"அக்கா, குளமெல்லாம் நெறைஞ்சிருச்சுங்க. துணி போனாப் போகுது, ஆளுகளை ஏத்துங்க!" என் குரல் அழுகிற மாதிரி இருந்திருக்கவேண்டும். சிரிப்பை நிறுத்தினார். "ஏய், சுருட்டுங்கடி!" என்று ஒரு சத்தம்தான்.

கடைசி மூட்டை கரையேறிக் கொஞ்ச நேரத்தில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. துணி காய்ந்த இடம் எது என்றே தெரியவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டார்கள், ஆள் குறையவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பழனியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்: "அடுத்த தடவை துணி காஞ்ச பொறவு ஊதுங்க சார், ஈரத்துணி என்ன கனம் கனக்குதுங்க!"

அதற்குப் பிறகும் எனக்குத் திட்டு குறையவில்லை, ஆனால் திட்டுகிறவர்கள் எல்லோரும் கரையேறி நின்றுதான் திட்டினார்கள்.