இடது பக்கத்து சீட்

“பெடல் இன்னும் கீழ போவுது. பிரேக் சரியா புடிக்க மாட்டேங்குது.”

என் அண்ணன் ஆண்டியப்பன் தினமும் சொல்கிற குறை இது. காலையில் தேயிலை பேக்டரிக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போது ஒரு தடவை. தெரியாதவர்கள் கேட்டால் ஏதோ ரோட்டில் ஓடுகிற வண்டியைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைப்பார்கள். அந்தக் கார் அப்போது செங்கல் அடுக்கின் மேல் நின்றது. அதற்குச் சக்கரமே கிடையாது. சக்கரங்கள் வீட்டுக்குள்ளே அரிசி வாளிக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தன. ஓடாத காருக்கு எதற்குப் பிரேக் என்று கேட்காத ஆள் அந்த லயத்து வரிசை வீடுகளில் இல்லை. அண்ணன் திருகுச் சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ரிங்லெட் என்கிற சின்ன ஊருக்கு மேலே மலையில் இருக்கிறது. அண்ணன் பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். அந்தக் கார் ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்த டிரையம்ப். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. மொட்டைக் கார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். துரை இருந்த காலத்திலேயே அதைத் துடைத்ததும் முறுக்கியதும் அண்ணன்தான். எழுபத்து நாலில் துரை சீமைக்குக் கிளம்பியபோது சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எஞ்சின் அப்போதே புகை கக்கிக்கொண்டிருந்தது. போகிற மனுஷன் நல்ல காரையா கொடுப்பான்?

வேலாயிக்கு அது சக்களத்தியாக வந்து சேர்ந்தது. வேலாயி அண்ணன் பெண்டாட்டி, எனக்கு மதினி முறை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவளும் ஒரே நிரையில் கொழுந்து வெட்டினவர்கள். அதனால் எங்களுக்குள் வாடி போடிதான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அண்ணன் காரை நிறுத்தினார். கொட்டகை பேருக்குத்தான். வேலை முழுக்க வேலாயியின் அடுப்படியில் நடந்தது. கார்புரேட்டரைக் கழற்றி இட்லிச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார். மாவுச் சல்லடையில் பெட்ரோல் வடிகட்டினார். துடைக்க அவள் பழைய சேலைகளைக் கிழித்தார். அதில் ஒன்று பழசே இல்லை.

“இது இட்லியா, லோரிக்கு ஊத்துற சாமானா? வாயில வெச்சா குப்புன்னு அடிக்குது,” என்றேன் ஒரு நாள்.

“தின்னுட்டு அடுப்புக்கிட்ட போகாத, தங்கச்சி,” என்றார் அண்ணன்.

அப்போதெல்லாம் அவர் அப்படித்தான் பேசுவார். அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை வெட்டி, ஒரு முனையைக் காதிலும் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்பார். வேலாயி பக்கத்தில் நின்று, “என்ன சொல்லுது உங்க சின்ன வீடு?” என்பாள். “ஒன்னய மாதிரி சிடுசிடுங்குது,” என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஈப்போ பழைய சாமான் கடைகளில் தேடித்தேடி வாங்கிப் போட்டு, கடைசியில் ஓட்டியும் காட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் வேலாயி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். கியா பார்ம் வரைக்கும் போய் முட்டைக்கோஸ் வாங்கி வருவார்கள். மடியில் முட்டைக்கோசை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுகிற கிராணியின் பெண்டாட்டிக்குக் கையாட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு அத்தனை திமிர்.

எழுபத்தாறில், மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம், பிரேக் எண்ணெய் குறைந்திருப்பதைப் பார்த்தார். ரிங்லெட்டில் கார் சாமான் கடை பூட்டியிருந்தது. பேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷின் காய்ந்தாலும் மூலையில் நிற்கிற பீப்பாயிலிருந்துதான் எண்ணெய். கொழுந்து உருட்டுகிற மெஷினுக்கும் அதுதான், தூள் சலிக்கிற மெஷினுக்கும் அதுதான், லோரி ஜாக்கிக்கும் அதுதான். எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று அதில் ஒரு டின் பிடித்து வந்து பிரேக்குக்கு ஊற்றிவிட்டார். பேக்டரியில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

பிரேக்குக்குள்ளே ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. மெஷின் எண்ணெய் அதற்கு ஆகாது. ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பி, பிறகு நைந்துவிடும். இது இப்போது எனக்கே தெரியும். அண்ணன் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

திருவிழாவன்று காலையில் சாமிக்குப் பூ வாங்க இரண்டு பேரும் ரிங்லெட்டுக்கு இறங்கினார்கள். இறக்கத்தில் ஒரு வளைவு. வலது பக்கம் கிடுகிடு பள்ளம், இடது பக்கம் மலையை வெட்டின மண்மேடு. பெடலை மிதித்தார். பெடல் கீழே போய்ப் பலகையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. அண்ணன் இடது பக்கம் திருப்பி மண்மேட்டில் விட்டார். இடது பக்கம் உட்கார்ந்திருந்தது வேலாயி.

ரிங்லெட்டில் ரொட்டிக் கடை வைத்திருக்கிற ஜப்பார் அந்த வழியாக வேனில் வந்தவர், அவர்தான் அவளைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தாள். ஆனால் இடது முழங்கை நொறுங்கிப் போய், பிறகு மடங்கவே இல்லை. கொழுந்து வெட்டுகிற கத்திரிக்கு இரண்டு கை வேண்டும். அதனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு கீறல் இல்லை. அதுதான் அவரைத் தின்றது. கீழே விழுந்து பல்லாவது உடைந்திருந்தால் மனுஷன் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. அவளைத் தண்ணீர் தூக்க விட மாட்டார். சோறு வடிக்க விட மாட்டார். தானே அவளுக்குத் தலை சீவிப் பின்னுவார். கிரீஸ் கையால் பின்னின சடை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னால், “நான்தான் ஊத்துனேன். மெஷினு எண்ணெய. என் கையாலதான் ஊத்துனேன்,” என்று ஆரம்பித்துவிடுவார்.

“எனக்குக் கைதான் மடங்கல. ஒங்களுக்கு வாயே மூடல,” என்பாள் வேலாயி. “வர்றவங்க தேத்தண்ணியாவது நிம்மதியா குடிக்கட்டும்லா.”

காரைத் தலைமுழுகியிருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. ஜப்பாரின் வேனில் கட்டி இழுத்து வந்து மறுபடி கொட்டகையில் போட்டு, பிரேக் சாமான் ஒவ்வொன்றாகப் புதுசு மாற்றினார். ஒடுங்கின இடது பக்கத்தை மணல் மூட்டை முட்டுக் கொடுத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். பச்சைப் பெயின்ட் அடித்தார். எஞ்சினை வாரா வாரம் ஓட்டி அணைப்பார். எல்லாம் செய்தார், இடது பக்கத்து சீட்டை மட்டும் மாட்டவில்லை. அதைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டார். அந்த இடத்தில் வெறும் தகரம். சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேல் ஏற்றின காரையும் தரையில் இறக்கவில்லை.

ஒரு தடவை ஜப்பார் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்குண்ணே. இதுக்கு மேல என்ன புடிக்கணும்?”

“இல்ல ஜப்பார் நானா. கீழ போவுது.”

“பெடலு போகல. வேற என்னமோ போவுது,” என்று ஜப்பார் என்னிடம் வந்து சொன்னார்.

வேலாயிக்கு ஒரே ஒரு ஆசை. திரும்ப அந்தக் காரில் உட்கார வேண்டும், அதே ரோட்டில் இறங்க வேண்டும். கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். “பிரேக் சரியாவட்டும்,” என்பார். தலைமுடி நரைக்க ஆரம்பித்துவிட்டது. பிரேக் சரியாகவில்லை.

“ஏண்டி, ஒடச்சதே அந்தக் காருதான். அது மேல ஒனக்கு என்ன ஆச?” என்று கேட்டேன்.

“காரு மேல இல்லடி. அன்னைக்கு ரோட்டுல எறங்குன மனுஷன் இன்னும் வீட்டுக்கு வரல. இங்க இருக்கறது யாரோ ஒரு நர்சு,” என்றாள்.

எண்பத்தைந்தில் அந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கீழே ரோட்டோரமாகப் புது வீடு கட்டியிருந்தார்கள். பழைய கொட்டகை எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். புது வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்த வளைவு. அண்ணன் ஒரு வார்த்தை யாரிடமும் கேட்காமல், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி வைத்திருக்கிற சீன முதலாளி தவுக்கேயை வரச் சொல்லி, காரைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். லோரியில் ஏற்றத் தள்ள வேண்டுமே என்று சக்கரங்களை மட்டும் மாட்டிக் கீழே இறக்கினார்.

வீடு மாற்றுகிற அன்று நான் சட்டி பானை கட்ட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஜப்பார் வேன் கொண்டுவந்திருந்தார். அண்ணன் லோரியை எதிர்பார்த்து வாசலில் நின்றார். வேலாயி அடுப்படியிலிருந்து காய் நறுக்கும்போது உட்காருகிற பலகையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். காருக்குள்ளே, சீட் இல்லாத இடத்தில் பலகையைப் போட்டு, ஒற்றைக் கையை ஊன்றி உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டாள். வெளியே தலை மட்டும் தெரிந்தது.

“எறங்கு வேலாயி. லோரி வந்துரும்.”

“வரட்டும். என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போகட்டும். நானும் ரிப்பேரான சாமான்தான.”

“பிரேக் சரியில்ல, சொன்னா கேளு.”

“கேட்டுக் கேட்டுத்தான் காது ரிப்பேர் ஆச்சு.”

லோரி வந்தது. தவுக்கே இறங்கிப் பார்த்தார், காருக்குள்ளே பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருப்பாள் போல.

அண்ணன் கொட்டகை வாசலிலேயே நின்றார். பிறகு வீட்டுக்குள்ளே போனார். பரணிலிருந்து சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிவைத்திருந்த பாத்திரத் துணியை உருவி அதைத் துடைத்தார்.

“பலகையில உக்காந்து வந்தா முதுகு போயிரும். எந்திரி, மாட்டுறேன்,” என்றார்.

“நின்னுக்குறேன். எறங்க மாட்டேன்.”

அவள் காருக்குள்ளேயே நிற்க, அவள் காலுக்கடியில் குனிந்து சீட்டை மாட்டினார். நட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. ஜப்பார்தான் எடுத்துக்கொடுத்தார்.

அண்ணன் காரை எடுத்தார். பின்னால் சட்டி பானையோடு நானும் ஜப்பாரும் வேனில். இறக்கம் முழுக்க முதல் கியர். நாலு அடி போவார், பிரேக் போட்டு நிறுத்துவார், மறுபடி நாலு அடி. எங்கள் பின்னால் லோரிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன.

“நடந்து போயிருந்தா இந்நேரம் பால் காய்ச்சி குடிச்சிருக்கலாம்லா,” என்றார் ஜப்பார்.

வளைவில் சுத்தமாக நிறுத்திவிட்டார். கூரை இல்லாத கார், பேசினது எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

“என்னத்த பாக்குறீங்க? மேடு நல்லாத்தான் இருக்கு,” என்றாள் வேலாயி. அந்த மண்மேட்டில் புல் மூடியிருந்தது.

“ஒம் பக்கமா திருப்புனேன், வேலாயி. எம் பக்கம் அடிபடாம ஒம் பக்கமா திருப்புனேன்.”

இத்தனை வருஷம் எண்ணெய் எண்ணெய் என்று சொன்ன மனுஷன் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஜப்பார் வேன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார்.

“ஒங்க பக்கம் என்ன இருக்குன்னு எட்டிப் பாருங்க,” என்றாள்.

அவர் பார்த்தார். பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் தேயிலை, அதற்கும் கீழே ஏரித் தண்ணீர்.

“அங்க திருப்பியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம், அப்புறம் இந்த வாயாடிய யாரு கட்டி மேய்க்கிறது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பக்கத்துல தான உக்காந்திருந்தேன்.”

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவள் அவர் பக்கம் திரும்பி, மடங்காத கையை அப்படியே நீட்டி அவர் முதுகில் வைத்தாள். பின்னால் ஹாரன் அதிகமானது. பிறகு கியர் விழுகிற சத்தம் கேட்டது. வளைவு முடிந்ததும் இரண்டாவது கியர் போட்டார்.

அன்றோடு அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் காலையில் அதே பாட்டுத்தான், பெடல் கீழே போகிறதாம். தலை பின்னுவதை மட்டும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலாயியை ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டுக்கு இறங்குவார். வேறு யாரையும் தானாகக் கூப்பிட மாட்டார், பயம். ஆனால் யாராவது கேட்டு ஏறி, ஜப்பார் கடை வாசலில் கையும் காலும் முழுசாக இறங்கினால், அன்றைக்கு முழுக்க மனுஷன் முகம் வேறு. அன்றைக்கு எண்ணெய்க் கதையைக்கூடச் சொல்வதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் தாப்பா பக்கமிருந்து மேலே ஏறி வருகிறவர்கள், ரிங்லெட்டில் ஜப்பார் கடையில் கேட்டால் வழி சொல்வார், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் என் அண்ணனைப் பாருங்கள். கீழ் வீட்டு வாசலில் பச்சைக் கார் நிற்கும். வேலாயி தேத்தண்ணி கொடுப்பாள், குடியுங்கள். பிரேக் சரியில்லை என்று அவர் சொல்வார், சொல்லட்டும். நீங்கள் பாட்டுக்கு இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ரிங்லெட்டில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.