இழுத்துப் பார்க்காமல் வாங்கிய சட்டைகள்

துணி வாங்கும்போது முதலில் அதை உள்பக்கமாகத் திருப்புவேன். தோள் தையலை இரண்டு கட்டைவிரல்களாலும் விரித்து இழுப்பேன். தையல் பல்லை இளித்தால் மடித்து வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், பொத்தானை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். விற்கிற பெண்ணின் முகம் கறுப்பதைப் பார்க்கச் சகிக்காமல் என் கணவர் வெளியே போய் நின்றுகொள்வார்.

அவர் கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஆள் நல்ல ஆகிருதி. முள்ளிலும் எண்ணெய்க் கறையிலும் மலிவுத் துணி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் சிரம்பானில் தேடி, கெட்டியான பருத்திக் கால்சட்டைகளாக எடுப்பேன். விலை கூடத்தான். ஆனால் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் மற்றவர்கள் தீபாவளிக்குத் தீபாவளி புதிதாக வாங்க, இவருடையது வெளுக்கும், கிழியாது. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. சிரம்பானில் ஒரு மையத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்துக்கு மூன்று தடவை போனார். லோரி வேலை போயிற்று. சுங்கை காடுட் தொழிற்சாலையில் நான் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று.

உடம்பு கரையத் தொடங்கியது. கால்சட்டைகளின் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். சில மாதத்தில் மறுபடி தொளதொளத்தன. ரந்தாவ் தையற்கடைக்கு எடுத்துப்போனேன். தையற்காரர் ஒன்றை மேசைமேல் விரித்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கு மேல புடிச்சா பின்னால ரெண்டு பாக்கெட்டும் ஒட்டிக்கும் லா. சின்ன சைசா புதுசு எடுத்துடுங்க."

"துணி நல்லா இருக்கே தம்பி."

"துணி நல்லாத்தான் இருக்கு," என்றார். கால்சட்டையை மடித்து என் பக்கம் தள்ளினார்.

சட்டைக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. ஊசி போடுவதற்காக அவருடைய இடது கையில் அறுவை செய்து நரம்பைப் பருக்க வைத்திருந்தார்கள். அந்தக் கையை எதுவும் இறுக்கக்கூடாது, முன்னால் பொத்தான் வைத்த, கை அகலமான சட்டை வேண்டும் என்றாள் அந்த மையத்துத் தாதி. பெடாஸ் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஒரு வண்டிக்காரன் அப்படிப்பட்டவற்றைக் குவித்து வைத்திருந்தான். மூன்று எடுத்தேன். காசைக் கொடுத்து மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். ஒரு சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினார். என்னைப்போலவே தோளை விரித்து இழுத்தார். நூல் கையோடு வந்தது.

"என்னா, நீ பாக்கலியா?"

"அவசரத்துல எடுத்துட்டேங்க."

"நீயா? அவசரத்துலயா?"

நான் அடுப்பைப் பார்க்கப்போவதுபோல எழுந்தேன். சந்தையில் நிற்கும்போது எனக்கே தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. இது எத்தனை வருஷம் வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அவருக்கும் அது புரிந்துவிட்டது.

"வேற எடுத்துட்டு வர்றேன். நாளைக்கே சிரம்பான் போறேன்," என்றேன்.

"வேணாம் புள்ள. இது போதும் எனக்கு."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்த மூன்று சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டார். அலமாரியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துக்கொடுத்தால், "இது இருக்கட்டும்," என்று திருப்பித் தந்துவிடுவார். எதற்காக இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டைகள் கிழியுமுன்பே அவர் போய்விட்டார்.

அலமாரி நிறைய அவர் துணி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டுப் பையன்கள், ஒல்லிப்பிச்சான்கள். ஒருவன் ஒரு கால்சட்டையை இடுப்பில் வைத்துப் பார்த்தான், சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு திருப்பித் தந்தான்.

போன மாதம் எல்லாவற்றையும் பெரிய பையில் கட்டி, சாலையோரத்தில் பழைய துணி போடுகிற இரும்புப் பெட்டிக்கு எடுத்துப்போனேன். பெட்டி நிரம்பி வாய்வரை அடைத்திருந்தது. யார் யாரோ விட்டுப்போன மூட்டைகள் கீழே மழையில் ஊறிக் கிடந்தன. ஒரு மூட்டையை நாய் கிழித்திருந்தது. பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள் சேற்றில் கிடந்தன.

அங்கே போட மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவரவும் மனம் வரவில்லை. மழை மறுபடி தூற ஆரம்பித்தது. பையை மோட்டாரின் முன்னால் இரண்டு காலுக்கும் நடுவே வைத்து, நனையாமல் குனிந்து மறைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கமே திருப்பி ஓட்டினேன்.