அவள் டொக்டர், நான் பராமரிப்பாளர்

நானும் அவளும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் மருத்துவம் படித்தவர்கள். பிறகு அவள் இங்கிலாந்தில் நாலு வருசம் வேலை செய்தாள். நான் வவுனியாவில் செய்தேன். நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு இருவரும் வந்தபோது, அந்த நாலு வருசத்துக்காக அவளைச் சோதனை இல்லாமலே டொக்டராகப் பதிந்தார்கள். நான் சோதனை பாஸ் பண்ணியும் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை. அங்கே ஒனிஹங்கா என்ற புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தேன்.

ஒருநாள் அங்கே புது டொக்டராக அவளே வந்து நின்றாள். நான் குளிப்பாட்டி விட்டிருந்த கிழவிக்கு மூச்சு வாங்கியது. அவள் சோதித்துப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

“நீ என்ன நினைக்கிறாய்?”

“இதயம் பலவீனம். நெஞ்சில தண்ணி கட்டுது. கால் வீங்கினதை நேற்றே நேர்ஸிட்டச் சொன்னனான்.”

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் படுது.”

மருந்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கிழவி அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவளில் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.

“ஒருநாள் வீட்டுக்கு வாவன்” என்று போகும்போது என்னைக் கூப்பிட்டாள்.

“வேலை கூட, நேரமில்லை” என்று பொய் சொன்னேன்.

இரண்டு நாளில் கிழவியின் வீக்கம் வற்றிவிட்டது. அதற்குச் சந்தோசப்படவும் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.