கொப்புளம் எழுந்த சுவர்

பேய்க் கதை என்றால் நடு ராத்திரி வேண்டும், கரண்ட் போக வேண்டும், எங்கேயாவது ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. பட்டப்பகல். ஜன்னல் முழுக்க வெயில். கீழே தெருவில் எவனோ ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அந்த வெளிச்சத்தில்தான் இது எனக்கு நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். யாரையும் கையைப் பிடித்து உட்கார வைத்து நம்ப வைக்கிற நிலைமையில் நான் இல்லை.

என் வேலை சுவர் அலங்காரம். "பெயின்ட் அடிக்கிறவங்களா?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கசக்கி, பிரித்து, பசை தடவிய சுவரில் ஒட்டுவோம். கசங்கல் அப்படியே சுருக்கம் சுருக்கமாக நிற்கும். காய்ந்த பிறகு வண்ணம் பூசித் துணியால் லேசாகத் துடைத்தால் சுருக்கத்துக்குள் மட்டும் நிறம் தங்கும். பார்க்க வருகிறவர்கள் இது தோலா, கல்லா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் செய்துவந்தோம். கசக்குவது அவர், ஒட்டுவது நான். கசக்கிய தாளைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. அவசரப்பட்டு இழுத்தால் பர்ரென்று கிழிந்துவிடும். அவர் இழுக்கவே மாட்டார். உருண்டையை உள்ளங்கைக் குழியில் வைத்து, வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதுவார். அது தானாக விரிந்துகொடுக்கும். ஒரு கீறல் இருக்காது. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பலூன்காரர். "பலூன்காரரே, பாத்து ஊதுங்க, சுவரு பறந்துடப்போவுது" என்று கிண்டலடிப்பார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

அந்த மூச்சுக்குத்தான் கேடு வந்தது. வருஷக்கணக்கில் சுவரைச் சமமாக்கப் பட்டி பூசித் தேய்த்த தூசி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முகத்தில் துணி கட்டச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். "மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டா எப்படிடி ஊதுறது?" என்பார். வாய்க்கொழுப்பு. கடைசியில் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வருவதற்குள் மாடிப்படி ஏறினவர் போல இரைக்க ஆரம்பித்தது. அலைந்து திரிந்து பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை பிடித்தேன். நடுவில் ஒரு நாள் விட்டு, அடுத்த நாள் காலையில் சேர்க்க வேண்டும். "ஒரு நாள் தாக்குப்பிடிப்பார். தனியா மட்டும் விடாதீங்க" என்றார் டாக்டர்.

ஒரு வீட்டில் எங்களுக்கு ஒரே ஒரு சுவர் பாக்கி இருந்தது; வண்ணம் வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும் என்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். நடுவில் இருக்கிற அந்த ஒரு நாளில் முடித்துக் கொடுத்துவிட்டால், பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் போன் போட்டு உயிரை வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அன்று காலையில் எழுந்து பார்க்கிறேன்... கட்டில் பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய, ஊதிப் பிரித்த தாள்கள். ராத்திரி முழுக்க மனுஷன் தூங்கவே இல்லை.

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? இதை யார் கேட்டா இப்போ?"

"நீ பிரிச்சா... கிழிச்சுப்புடுவ." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். "இருந்த மூச்சையெல்லாம் இதுல ஊதிட்டேன். பத்திரமா ஒட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. படிப்பு முடித்து வேலைக்குப் போகிற மகள் ஒருத்தி எங்களுக்கு. எத்தனை வளர்ந்தாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அவளை லீவு போட வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாலு மணிக்கு வந்துடுவேன். போன தடவை வேற ஆளுங்க ஒட்டினாங்க, ஒரே கொப்புளம். இந்தத் தடவை ஒண்ணுகூட இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

"இருக்காதும்மா."

தாளுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் கொப்புளம் எழும். எங்களுக்கு அது தினப்படி விஷயம். குண்டூசியால் ஒரு குத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து. காற்று போய்விடும், தாள் படிந்துவிடும். தூக்கத்தில்கூட என் கை அதைச் செய்யும்.

மாடியறை. மேஜை, நாற்காலி எதுவும் இல்லை, காலியாக இருந்தது. தூசி வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். பசை சீக்கிரம் காய்ந்துவிடக்கூடாது என்று ஃபேனும் போடவில்லை. மூன்று மணிக்கெல்லாம் சுவர் முழுக்க ஒட்டி முடித்தேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. மனதுக்குள் அவருக்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்ர்ர்...

ஈரத் தாள் உரசுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். சுவரின் நடுவில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு கொப்புளம். உள்ளங்கை அளவு. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அங்கே ஒன்றுமில்லை. சனியன், எப்படி விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு எழுந்து போனேன்.

ஊசியால் குத்தினேன். அழுத்தினேன்.

ஊசித் துளை வழியாகக் காற்று என் மணிக்கட்டில் பட்டது. ஈரச் சுவரிலிருந்து வரும் காற்று சில்லென்றுதான் இருக்கும். இது சூடாக இருந்தது. கூடவே ஒரு வாசனை. அவர் குடிக்கிற இருமல் மருந்தின் வாசனை. காலையில் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன், புடவையில் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முந்தானையை மோந்து பார்த்தேன். பசை வாடைதான் வந்தது.

சர்ர்ர்...

பக்கத்திலேயே இன்னொன்று. அதையும் குத்தி அழுத்தினேன். கையை எடுப்பதற்குள் முதல் இடத்திலேயே திரும்ப எழுந்தது. அதை அழுத்தினால் இது. இதை அழுத்தினால் அது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. நாலு மணிக்கு அந்த அம்மா வந்துவிடுவாளே என்ற பதற்றம் ஒரு பக்கம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுவரைப் பார்த்ததில்லையே என்ற பயம் இன்னொரு பக்கம்.

சத்தம் நின்றது.

இரண்டு கொப்புளங்களும் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாக எழுந்தன. முறம் அளவுக்கு.

எழுந்து... தாழ்ந்தது.

எழுந்து... தாழ்ந்தது.

ஜன்னலைப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. ஃபேனைப் பார்த்தேன். ஓடவில்லை.

உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒரு இழுப்பு. ஹ்ஹீ... ஹ்ஹீ... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்ப... ஹ்ஹீ...

அது எனக்குத் தெரிந்த சத்தம். தினமும் ராத்திரி பக்கத்தில் படுத்து, அடுத்தது வருமா வராதா என்று காது கொடுத்துக் கிடக்கிற சத்தம். தெரிந்ததை நினைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓடியிருக்க வேண்டும். போனை எடுத்திருக்க வேண்டும்.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கைதான் வேலை செய்தது. என் கைக்குத் தெரிந்தது ஒரே வேலை.

குத்தினேன்.

இரண்டு கையாலும் அழுத்தினேன்.

அது என் கையைத் தள்ளியது...

லேசாக.

இன்னும் லேசாக...

நின்றது.

சுவர் படிந்துவிட்டது.

தரையில் கிடந்த போன் அடித்தது. மணி மூன்றேகால். பாப்பா.

"அம்மா..."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. சாக்கை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கை வேறு யாருக்கோ போனது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில், மூச்சு நோய்க்காரர், போய்ச் சேர்ந்தார், அதற்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பசை புளித்தால்கூடக் காற்று கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். பாதி நம்பியும் விட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வீட்டுக்காரம்மா போன் செய்தாள். துக்கம் விசாரித்துவிட்டு, சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வந்தவர்கள் எல்லாம் அசந்துபோய்விட்டார்களாம்.

"ஒரு கொப்புளம்கூட இல்லைங்க. எப்படித்தான் செஞ்சீங்களோ!"

"அழுத்தினேன்மா" என்றேன். "நல்லா அழுத்தினேன்."

போனை வைத்தபோது பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மடித்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

"அம்மா... அப்பாவும் அன்னைக்கு அதைத்தான் சொன்னார்."

"எதை?"

"அழுத்தாத, அழுத்தாதன்னு. மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். பால்கூடக் குடிச்சார். திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, 'ஊசி குத்துது... அழுத்தாத'ன்னார். நான் எட்டத்தான் உக்காந்திருந்தேன். நான் தொடவே இல்லப்பான்னு அழுதேன்."

"அப்புறம்?"

"போனை எடுத்து, அம்மாவைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சுத் தடுத்துட்டார். அப்புறம் சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டார். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்துச்சும்மா. யார்கிட்ட சொன்னார்னு தெரியல..."

"என்ன சொன்னார் பாப்பா?"

"'விடு... அவ வேலை முடியட்டும்'னார்."