கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

செய்தி வந்தபோது நான் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். துடியலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அடுத்த வாரம் விளையாட்டு விழா. தலைமையாசிரியை அறையில் எனக்குப் போன் என்று ஆயா வந்து சொன்னார். பல்லடத்திலிருந்து ருக்மணி பேசினாள். "டீச்சர், சாந்தாக்கா போயிட்டாங்க. காய்ச்சல் கிட்னிக்கு எறங்கிருச்சுன்னாங்க. விடியக்கால ஆஸ்பத்திரியிலயே..." என்றாள். நான் போனை வைத்துவிட்டு மறுபடியும் வெயிலில் வந்து நின்றேன். பாதியில் நின்ற கோட்டை முழுதாகப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருந்தால் சாந்தாமணி திட்டியிருப்பார்.

சாந்தாமணியைப் பீளமேட்டில் தெரியாதவர்கள் குறைவு. ஒரு மில் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். குழந்தையிலேயே போலியோ வந்து கால்கள் இரண்டும் போனவர். வீல்சேர் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்துக்கு ஓடியவர், மாநிலத்துக்கும் ஓடியவர். 'சக்கரத்தில் போகிறவரை ஓடினார் என்று எழுதலாமா' என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, "ஏனுங்க, பஸ்ஸு மட்டும் ஓடலாமாக்கும்?" என்றார். நிருபர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பந்தியில் இலையை மூடினாலும் விடமாட்டோம். அந்த மரியாதையில் அதிகம் அகப்பட்டவர் சாந்தாமணிதான். ஒருநாள் அவிநாசி ரோட்டோரத்தில் எனக்காகக் காத்திருந்தார். பெரியவர் ஒருவர் வந்து, "இருங்க அம்மணி, நானாச்சு" என்று நாற்காலியைப் பிடித்து, லாரிகளையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். நான் வந்து பார்த்தால் ஆள் எதிர்ச்சாரியில் இருக்கிறார். "நான் இந்தப் பக்கந்தானுங்க நிக்கோணும்னு சொல்லச் சொல்ல, பரவால்லீங்க பரவால்லீங்கன்னு தள்ளீட்டே போயிட்டாரு டீச்சர்!" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "கேட்டுப்போட்டுத் தொடோணும். அவ்வளவுதான் நாங் கேக்கறது."

ஞாயிறு காலைகளில் பீளமேட்டுக் கல்லூரி மைதானம் ஒன்றை அவருக்கு விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில் வருகிறவர்கள், கையால் சுற்றி ஓட்டும் மூன்றுசக்கர வண்டியில் வருகிறவர்கள், என் பள்ளியிலிருந்து ஓட்டக்காரப் பெண்கள் என்று கலந்துகட்டிக் கூட்டம் சேரும். அவரிடம் எல்லாருக்கும் ஒரே சட்டம். தோற்று அழுத என் மாணவி ஒருத்தியிடம், "அழுகறதுன்னா நல்லா அழுதுக்க கண்ணு. ஆனா அடுத்த வாரம் மொத ஆளா வந்துரோணும்" என்றார். அவள் அப்படியே வந்தாள். பெற்றோர்கள் ஓரத்தில் நின்று பதறுவார்கள். பிள்ளையின் சக்கரம் கொஞ்சம் திணறினாலும் பிடிக்க ஓடுவார்கள். அவர்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்: "கையப் பின்னால கட்டிக்குங்க. வாயத் தொறந்து கத்துங்க." முதல் நாளே அதைக் கேட்டுக் கையைக் கட்டியவள் நான்.

தன்னம்பிக்கை பற்றிப் பேசச் சொல்லிப் பள்ளிகளில் கூப்பிடுவார்கள். ஒரு பள்ளியில் மேடை உயரம், படிகள் ஏழெட்டு. நாற்காலியோடு தூக்க நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். "நான் எதுக்குங்க ஏறோணும்? மைக்கு எறங்கி வரட்டும். அதுக்குத்தான் ஒயர் இருக்குதே!" என்றார். மைக் இறங்கியது. அதன்பின் மேடையிலிருந்த பிரமுகர்களும் ஒவ்வொருவராக இறங்கிவந்து கீழே உட்கார்ந்தார்கள்.

ஆனால் சாந்தாமணி யார் என்று என்னைக் கேட்டால், நான் அந்த மாநிலத் தேர்வுப் பந்தயத்தைத்தான் சொல்வேன். அதில் முதலாவதாக வருபவர் ஒருவருக்குத்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். சாந்தாமணிக்கு வலது தோள் தேய்ந்துவிட்டது, இந்த வருஷத்தோடு போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அவருக்கு எதிராக ஓடியவர்களில் ஒருத்தி ருக்மணி. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பல்லடத்துப் பெண், சாந்தாமணியிடமே ஓட்டம் பழகியவள்.

முந்தின இரவு மழை. கடைசி வளைவு வரைக்கும் சாந்தாமணிதான் முன்னால். வளைவைத் தாண்டியதும் முன்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அவர் இழுக்கிறார், வரவில்லை. ருக்மணி பின்னாலிருந்தே அதைப் பார்த்து, சேற்றைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அது நடந்தது. விழாத் தலைவராக வந்திருந்த மில் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அடடா, புள்ள கஷ்டப்படுதே!" என்று மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, வெள்ளை வேட்டியெல்லாம் சேறாக, சாந்தாமணியின் நாற்காலியை உந்திக்கொண்டுபோய் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார். ருக்மணி ஒரு கை தூரம் பின்னால். மைதானமே கைதட்டியது. மைக்கில் சாந்தாமணியின் பெயரை முதலிடம் என்று படித்தார்கள்.

அது தப்பு என்று நடுவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் விழாத் தலைவரிடம், அதுவும் மூச்சுவாங்கிக்கொண்டு சந்தோஷமாக நிற்கும் பெரியவரிடம், எப்படிச் சொல்வது? சாந்தாமணிதான் பேசினார்.

"ஐயா, நல்ல மனசுல செஞ்சீங்க. ஆனா இது நீங்க ஓடுன ஓட்டமுங்க. நான் ஓடுனது இல்லீங்க."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. நடுவர்களுக்கு உயிர் வந்தது. வேண்டுமானால் இன்னொரு முறை ஓடவிடலாம் என்றார்கள். யாரும் மனக்கஷ்டப்படாமல் முடித்துவிட நல்ல வழி. அவருக்கும் அணியில் இடம் கிடைத்துவிடலாம். நான் ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'சரி என்று சொல்லுங்கள், சரி என்று சொல்லுங்கள்' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாமுங்க. சேத்துல மாட்டுனது என்ற சக்கரந்தான். அந்தப் புள்ள பாத்துச் சுத்தி வந்துது. ருக்மணி பேரப் படிங்க."

படித்தார்கள். திரும்பி வரும்போது வண்டியில் சாந்தாமணி, "எனக்கும் போகோணும்னு ஆசைதான் டீச்சர்" என்றார். அழுதார். நானும் அழுதேன். மறுநாள் விடியும்போது அவர் மைதானத்தில் இருந்தார், ருக்மணி வருவதற்கு முன்பே. அகில இந்தியப் போட்டிக்கு அவளைத் தயார்செய்ய வேண்டுமே. தோளை அசைக்க முடியாதபோதும் குரல் இருந்தது. அவள் அங்கே பதக்கம் வாங்கியதும், திரும்பி வந்து மற்றப் பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கியதும் நம் ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இறுதி ஊர்வலத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். அன்று ருக்மணியின் நாற்காலி நிற்கவில்லை, ஆகவே நாங்களும் நிற்கவில்லை. மயானத்துக்குப் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. ரோட்டுக்குப் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். பாதி மேட்டில் ருக்மணியின் சக்கரம் திணறி நின்றது. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். அந்த மில் முதலாளிதான். தலை முழுவதும் வெளுத்திருந்தது. கையை நீட்டியவர், நாற்காலியைத் தொடுமுன் நிறுத்திக்கொண்டார்.

"அம்மணி, தள்ளட்டுங்களா?"

"வேண்டாமுங்கய்யா. ஏறிருவேன்."

பெரியவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். சாவு ஊர்வலம் என்று பார்க்கவில்லை. "ஏறு கண்ணு! ஏறு!" என்று கத்தினார். நாங்கள் எல்லாரும் கத்தினோம். முன்னால் போனவர்கள் திகைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். ருக்மணி ஏறினாள்.

சாந்தாமணியின் கோப்பைகள் அவர் தம்பி வீட்டில் இருக்கின்றன. நாற்காலியை அவர் சொல்லியிருந்தபடியே ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது இந்த இரண்டும்தான்: பின்னால் கட்டிய கைகளும், திறந்த வாயும். அடுத்த வாரம் விளையாட்டு விழாவில், நான் போட்ட கோட்டுக்கு வெளியே அப்படித்தான் நிற்பேன்.