வாடிக்கையாளர் மறுத்தார்

எங்கள் காரின் டேஷ்போர்டில் ஒரு கருங்கல் பிள்ளையார் இருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான், ஆனால் நல்ல கனம். மாமல்லபுரத்துச் சிற்பக் கடை ஒன்றில் நான்தான் வாங்கினேன். வண்டி எடுத்த வாரம் திருக்கழுக்குன்றத்தில் பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், மலையடிவாரத்திலேயே இரண்டு ட்யூப் பசையைக் கலந்து நான்தான் ஒட்டினேன். நடுவில் வைத்தால் ரோடு மறைக்கிறது என்றார் கணவர். அதனால் இடப்பக்கம், பக்கத்து சீட்டுக்கு நேராக நகர்த்தினேன். பசை இறுகும்வரை பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் ஏதோ ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. பிள்ளையார் அதன் மேல் சரியாகப் பொருந்தினார்.

நான் செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. வண்டி பாதி நாள் அங்கே உப்புக்காற்றில்தான் நிற்கும். சர்வீஸ் சென்டரிலிருந்து வாரத்துக்கு இரண்டு போன் வரும். பாலிஷ் போடுங்கள், அடிப்பக்கம் கோட்டிங் அடியுங்கள், இன்சூரன்ஸ் எங்களிடமே எடுங்கள். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ஒருநாள் கம்பெனியிலிருந்தே கடிதம் வந்து, உங்கள் வண்டியின் சேஸிஸ் எண் பட்டியலில் இருக்கிறது, பக்கத்து சீட்டு ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றபோது நான் சிரித்தேன். புதுசாக ஒரு தூண்டில் என்றேன். ரீகால் என்ற வார்த்தையே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கணவர் என்னைப் போல இல்லை, எதையும் இரண்டு தடவை படிப்பவர். இது விற்கிற சமாச்சாரம் இல்லை, அவர்கள் செய்த தப்பை அவர்களே திருத்துவது, வாரண்டி முடிந்திருந்தாலும் காசு வாங்க மாட்டார்களாம் என்றார். கம்பெனியின் வெப்சைட்டில் சேஸிஸ் எண்ணைப் போட்டும் பார்த்துவிட்டார். விடுமுறை நாள் ஒன்றில் வண்டியைக் கொண்டுபோனார்.

அன்று காலை என் முன்னால் வெறும் வயிற்றோடு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டாம் முறை குத்தப் போன நேரத்தில் போன் அடித்தது. கணவர்தான்.

"ம்மா, ஏர்பேக் மாத்தணும்னா புள்ளையார எடுக்கணுமாம். திரும்ப அங்க ஒட்டவும் கூடாதாம். இன்னா பண்றது?"

எனக்கு எரிச்சல். கையில் ஊசி, எதிரில் அந்தப் பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்.

"பூஜ போட்டு ஒட்டினத எவன் எடுக்கச் சொல்றது? சாமியப் பேத்துட்டு வூட்டுக்கு வராத."

ஏன் கூடாதாம் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. அவரும் சண்டைக்கு ஆள் இல்லை, சரி என்று வைத்துவிட்டார். மாலையில் வண்டி வாசலில் நின்றது, பிள்ளையாரும் அதே இடத்தில் இருந்தார். வழக்கம்போல ஒரு செம்பருத்திப் பூவை அவர் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அதன் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

என் கணவரின் அக்கா, அவரை நான் அண்ணி என்பேன், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறார். கரையில் படகு ஒதுங்கியதும் மீனை மொத்தமாக எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பார். மீனின் கண்ணை ஒரு பார்வை பார்த்து இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவார், செவுளைத் தூக்கிப் பார்க்கவே மாட்டார். கார் மட்டும் அவருக்கு ஆகாது. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் அவர் வந்தால் முன் சீட்டு அவருக்கு, நான் பின்னால்.

அந்தப் போனுக்கு ஆறு மாதம் கழித்து, திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பகல் பதினோரு மணி இருக்கும். பெரிய வேகம்கூட இல்லை. முன்னால் போன லோடு வண்டி ஒன்று சட்டென்று நின்றது. கணவர் பிரேக்கை மிதித்தும் போய் மோதிவிட்டோம். டமார் என்று ஒரு சத்தம், வண்டிக்குள் வெள்ளைப் புகை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவருக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு. அண்ணி பெல்ட் போட்டிருந்தார், நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். கனமான பொருள் எதுவோ நேராக வந்து அடித்திருக்கிறது என்றார்கள். எது என்று நான் அவர்களிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை.

வண்டியைச் சரிசெய்ய விட்ட இடத்துக்குக் கணவரோடு நானும் போனேன். அங்கிருந்த சர்வீஸ் ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்து வைத்தார். ரீகால் வேலை, பக்கத்து சீட்டு ஏர்பேக், கட்டணம் இல்லை, வாடிக்கையாளர் மறுத்தார். கீழே என் கணவரின் கையெழுத்து. நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு அந்த சர்வீஸ் ஆள்தான் பதில் சொன்னார். ஏர்பேக் என்கிற பலூனை ஊதுகிற மருந்து வெயிலிலும் ஈரத்திலும் நாளாக நாளாகக் கெட்டு, வேண்டியதைவிட வேகமாக வெடிக்கலாம், கடலோரம் ஓடுகிற வண்டிகளுக்குத்தான் முதலில் மாற்றச் சொல்லி இருந்தார்களாம்.

"நல்ல பலூனா இருந்தாலும் அந்தக் கல்லத் தூக்கித்தான் மேடம் அடிச்சிருக்கும். தொறக்கறதே அந்த எடத்துலதான். ஆனா அன்னிக்கு வேலய முடிச்சிருந்தா செல அங்க இருந்திருக்காது."

கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை உன்னால்தான் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டு அழுது தீர்த்திருப்பேன். வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது போட்டார்கள். ரீகாலில் அதற்குக் கெடு எதுவும் கிடையாதாம். சொன்னபடியே அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. வண்டியை வெளியே எடுத்தபோது டேஷ்போர்டில் அந்த ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஏர்பேக் இந்த இடத்தில்தான் திறக்கும் என்பதற்கான குறி அது.

பிள்ளையார் சீட்டுக்கடியில் மிதியடி மேல் கிடந்தார். காது, தும்பிக்கை எதுவும் உடையவில்லை. மருத்துவமனையில் கண்கட்டோடு படுத்திருந்த அண்ணி அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒரு கண்ண எடுத்துகினு உசுர வுட்டுட்டாரு. இவரு இல்லாங்காட்டி நான் அன்னிக்கே போயிருப்பேன்."

வீட்டுச் சுவரில் மீன் கூடைகளுக்கு மேலே ஒரு மாடம் கட்டி, அதில் அவரை வைத்துத் தினமும் விளக்கேற்றினார். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போவேன். கரைக்குப் போகாமல் இருந்தவர் மறுபடி போகத் தொடங்கினார், ஆனால் ஒவ்வொரு மீனையும் தூக்கிச் செவுளைப் புரட்டிப் பார்த்தார். இடித்துக்கொண்டு போகும் ஆட்களை முன்பெல்லாம் ஏசுவார், இப்போது அவரே ஒதுங்கி நின்றார். வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றி எனக்குத் திருநீறு பூசிவிடுவார். அந்தத் திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்பும்போது நான் ஒரு திருடி என்றே எனக்குத் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்தால் கருங்கல் பிள்ளையார். அதே அளவு, அதே கனம்.

"வண்டி மொட்டையா கீதுன்னு தம்பி சொன்னான். அதே கடையில வாங்கியாந்தேன். அதே எடத்துல ஒட்டு, நல்லா அழுத்தி ஒட்டு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணி, உங்க கண்ணுல அடிச்சதே வண்டியில இருந்த புள்ளையார்தான். அத அப்பவே எடுக்கச் சொன்னாங்க. வண்டி பலூன ஓசியா மாத்தித் தர்றோம், இது அங்க இருக்கக் கூடாதுன்னாங்க. உங்க தம்பி போன் பண்ணிக் கேட்டாரு. நாந்தான் எடுக்க வேணான்னேன்."

அண்ணி தலையைத் திருப்பி இருக்கிற கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எப்போ?"

"வண்டி மோதுனதுக்கு ஆறு மாசம் முன்னாடி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் கையிலிருந்த பிள்ளையாரை எடுத்து, பிரித்த காகிதத்திலேயே மறுபடி பொதிந்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு வெளியே வந்து, "டீ குடிச்சிட்டுப் போ," என்றார். குடித்தேன். அன்று எனக்குத் திருநீறு பூசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது மாடம் காலியாக இருந்தது. விளக்கு மட்டும் ஓரமாக, திரியில்லாமல் நின்றது. பிள்ளையார் எங்கே என்று நான் கேட்கவில்லை. கண்ணைப் பறிகொடுத்தவருக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது, நான் அதையும் எடுத்துவிட்டேன். அண்ணி கூடை முன் குனிந்து ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி, செவுளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டி, இது இன்றைக்குப் பிடித்ததா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.